வருத்தக்காரர் கடல்

பஸ்தியாம்பிள்ளை என்ன தொழில் செய்கிறார் என்று யாராவது கேட்டால், அவருடைய மனைவி கிறேஸ் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். "தண்ணிக்கை நிக்கிறார்." கேட்டவர் முழித்தால் அது அவர் பாடு.

நிலாவெளி தாண்டி, குச்சவெளிக்குப் போகிற கரையோரப் பாதையில் ஒரு விடுதி இருக்கிறது. பலகையில் 'கடற்சுகம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஊர்ச்சனம் வாய்க்கு வந்தபடி வருத்தக்காரர் ஹோட்டல் என்கிறது. மூட்டு நோகிறவர்கள், மூச்சு முட்டி இழுக்கிறவர்கள், தோல் சொறிகிறவர்கள் என்று அங்கே வருகிற நோயாளிகளைக் கையைப் பிடித்துக் கடலுக்குள் இறக்கி, நெஞ்சளவு தண்ணீரில் விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய தொழில். கரும்பு தின்னக் கூலியா என்று அவரோடு பஸ்ஸில் வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும்.

இந்தத் தீவின் வானத்துக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. வைகாசியில் கொழும்பிலும் கண்டியிலும் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றி, சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்து, கிழடு கட்டைகள் எலும்பைப் பிடித்துக்கொண்டு முனகும்போது, திருகோணமலைப் பக்கம் வானம் வெளுத்துப்போய்க் கிடக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று காடு கடந்து சூடேறி வரும். நிலத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். கரையிலிருந்து அடிக்கிற காற்று என்பதால் கடல் எழும்பாமல் குளம்போலப் படுத்துக் கிடக்கும். இந்த வெக்கையை எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகத் திட்டித் தீர்த்தது. எவனோ ஒரு கெட்டிக்காரன் வந்து இதற்கு விலை போட்டான். உலர்ந்த காற்று, சூடான உப்புத்தண்ணீர், அசையாத கடல், வாருங்கள் வாருங்கள் என்றான். சனம் வந்தது. ஐப்பசி கடந்து வாடை இறங்கிக் கடல் கறுத்தவுடன் விடுதிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் உழைத்தால் மாரிக்கு அடுப்பு எரியும், இல்லாவிட்டால் இல்லை.

பஸ்தியாம்பிள்ளை பாலையூற்றுக்காரர். வயது ஐம்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. கரைவலை இழுத்தார், பிறகு பிறத்தியாரின் படகில் போனார். மீன் ஆழத்துக்கு இறங்கிப்போக, படகுக்காரன் எண்ணெய்ச் செலவுக்கே அழத் தொடங்க, கிறேஸின் தமையன் மகன் டிலக்ஷன் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தான். அவன் ஹோட்டல் படிப்புப் படித்து அங்கே மனேஜராக இருந்தான். நல்ல பெடியன், சிரித்த முகம். சிரித்த முகத்தோடு எதையும் சொல்லக்கூடியவன்.

தண்ணீருக்குள் ஆளைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வருத்தக்காரரின் இரண்டு கையையும் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கவேண்டும். பின்னால் பார்க்க ஏலாது. பார்த்தால் அவர் பயந்துவிடுவார். ஆகவே கால்விரலால் மணலைத் தடவித் தடவி, குழி எது மேடு எது என்று அறிந்துகொண்டு போகவேண்டும். சப்பாத்துக் காலுக்கு இந்த வித்தை வராது. பஸ்தியாம்பிள்ளை வெறுங்காலோடு நடப்பார். அவர் கையில் ஒருத்தரும் தடக்குப்பட்டு விழுந்ததில்லை.

அவரை மிகவும் பிடித்துப்போனது யோகலிங்கம் ஐயாவுக்குத்தான். யாழ்ப்பாணத்தார். சண்டை தொடங்கின காலத்திலேயே சுவிஸுக்குப் போய், சாப்பாட்டுக்கடைக் குசினியில் ஈரத்தில் நின்று கோப்பை கழுவி, குளிரில் முழங்கால் இரண்டையும் பறிகொடுத்த மனிதர். ஆடியிலும் ஆவணியிலும் வந்து தங்குவார். அந்த வருடம் முதல் நாள் தடியோடு வந்தவர், போகிற நாளன்று தடியை அறையில் மறந்துவிட்டுப் போனார். "பஸ்தி, நீர் டொக்டரைவிடத் திறம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்தியாம்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கிறேஸிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் யோகலிங்கம் ஐயா போவதற்கு முன்னமே சனியன் பிடித்துவிட்டது. அந்த வருடம் கடல் வழக்கத்தைவிடக் கூடச் சூடேறிக் கிடந்தது. புறாத்தீவுப் பக்கத்துப் பவளம் வெளுத்துச் செத்து, துண்டு துண்டாக உடைந்து கரைக்கு வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு பஸ்தியாம்பிள்ளையின் இடது குதிக்காலைக் கிழித்தது. பின்னேரம் மணலில் ஏறி நடந்தபோது, அவருடைய இடது கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்ததைக் கண்டார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அவர் பயப்படவில்லை. தூண்டில் கிழித்ததற்கும் திருக்கை முள் குத்தியதற்கும் அவர் பார்த்த வைத்தியம் கடல்தான். கடலில் பட்ட காயம் கடலிலேயே ஆறும் என்று அவருடைய அப்பன் சொன்னான், அப்பனுக்கு அவன் அப்பன் சொன்னான். உப்பு எரியும், எரிந்தால் கிருமி சாகும். இந்தக் காயம் எரியவும் இல்லை. நோவும் இல்லை. நோகாத காயம் ஆறுகிற காயம்தானே என்று எடுத்துக்கொண்டார். மீன்காரப் புத்தி அப்படித்தான் கணக்குப் போடும். உடம்பில் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் இருந்ததையும், கிளினிக் நாள் வேலைநாளில் விழுகிறதென்று மாதக்கணக்காகப் போகாமல் விட்டதையும் அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை.

கிறேஸ் சேர்த்தாள். "இது மீன்காரன்ரை கால் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறியள். இது இப்ப சீனிக்காரன்ரை கால்" என்றாள்.

"சும்மா கிட. நோகேல்லை."

"கால் போனாப்பிறகு நோகுமோ நோகாதோ எண்டு கதைப்பம்."

"உன்ரை வாயிலை நல்லதே வராது" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

நல்ல தண்ணீரில் கழுவியிருந்தாலாவது ஏதோ கொஞ்சம் தப்பியிருக்கலாம். அந்தக் கச்சானுக்கு விடுதிக் கிணறு உவர்த்துப் போய்விட்டது. பவுசர் லொறியில் வருகிற தண்ணீர் விருந்தாளிகள் கடலில் இருந்து ஏறி உப்புக் கழுவ மட்டும். ஒரு நாள் அவர் குழாயைத் திறந்து காலை நீட்டினார். டிலக்ஷன் வந்து, சிரித்தபடியே குழாயைப் பூட்டினான்.

"மாமா, இது வாறவைக்கு. முதலாளி கண்டால் என்னைத்தான் கேப்பார்."

அப்படியே குனிந்தவன் காலைப் பார்த்துவிட்டான். குதி வீங்கி, விளிம்பு கறுத்து, நடுவில் வெள்ளையாகக் கண் திறந்திருந்தது.

"ஐயோ மாமா, இதோடை எப்பிடி நிக்கிறியள்? சுகம் தேடி வாறவைக்கு முன்னாலை புண்ணோடை நிக்க ஏலாது."

"அப்ப நிப்பாட்டட்டோ, தம்பி?"

டிலக்ஷன் நிமிர்ந்தான். "நிப்பாட்டச் சொல்லேல்லை. மறையுங்கோ எண்டுதான் சொல்லுறன். நிப்பாட்டினா முத்தலிப் நாளைக்கே வாறதுக்கு நிக்கிறான். பிறகு நீங்கள் வந்து கேட்டால் நான் ஒண்டும் செய்ய ஏலாது."

முத்தலிப் குறிஞ்சாக்கேணி ஆள். களப்பு மீன்பிடித் தொழில் படுத்துப்போனதால் எந்த வேலை கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்தவன். அவன்மேல் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. பசித்தவன் அடுத்தவன் எப்போது எழும்புவான் என்று பார்க்கத்தான் செய்வான். பஸ்தியாம்பிள்ளை எழும்பத் தயாராக இல்லை. சீசன் முடிய இன்னும் கொஞ்சக் காலம்தான், இழுத்துப் பிடித்தால் முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டிலக்ஷன் கொடுத்த வெள்ளை றப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். உள்ளே கடல் தண்ணீரும் மணலும் புகுந்து, சூட்டில் காலை அவித்தன. அந்தக் கால்தான் அவருடைய சோறு. அதை அவர் சோற்றுக்காகவே தின்னக் கொடுத்தார்.

புரட்டாதியில் மணக்கத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மூக்கைச் சுளித்து, கடலில் ஏதோ செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். டிலக்ஷன் கொஞ்சமும் யோசியாமல், கடற்பாசி அழுகுகிறது என்றான். அன்று பின்னேரம் மாமாவிடம் ஒரு சின்னப் போத்தல் வாசனை எண்ணெய் கொடுத்து, சப்பாத்துக்குள் விடச் சொன்னான். அவர் விட்டார்.

இரண்டொரு நாளில் காய்ச்சலோடு கடலில் இறங்கினார். அதே கொழும்புக்காரரின் கையைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தவருக்குக் கண் இருட்டியது. கையை விட்டுவிட்டார். அவ்வளவு காலத்தில் முதல் தடவையாக விட்டார். கொழும்புக்காரர் ஒரு முறை தண்ணீர் குடித்து, எழும்பி நின்று, வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினார். டிலக்ஷன் சப்பாத்தோடு கடலுக்குள் பாய்ந்து ஓடினான். ஓடி, கொழும்புக்காரரைத் தூக்கித் துவாயால் போர்த்திக் கரைக்குக் கொண்டுவந்தான். பஸ்தியாம்பிள்ளை முகம் குப்புற மிதந்தார். அவரைத் தோட்டக்காரர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். விடுதியின் வான் வண்டி வாசலிலேயே நின்றது. ஆசனத்தில் மணம் பிடிக்கும் என்று ஆட்டோ கூப்பிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் காலைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் இவ்வளவு நாள் வரேல்லை?"

"நோகேல்லை சேர்."

"நோகாத புண்தான் ஐயா பொல்லாதது. உங்கடை காலுக்கு நோவு தெரியாமல் போய்க் கனகாலம். சூட்டுக் கடலிலை கிருமி பெருத்துக் கிடக்கு. அதுக்குள்ளை கொண்டுபோய் வச்சிருக்கிறியள்." டொக்டர் கையுறையைக் கழற்றினார். "முழங்காலுக்குக் கீழை எடுக்கவேணும். பிந்தினால் ஆளையே எடுக்கவேண்டி வரும்."

பஸ்தியாம்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு கேட்டார். "சேர், சித்திரையிலை திரும்பத் தண்ணிக்கை நிக்கலாமோ?"

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கிறேஸ் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே போனாள்.

காலை எடுத்தபிறகு அந்த மாரி எப்படிப் போனது என்று விரிக்க எனக்கு மனமில்லை. வீட்டைச் சுற்றி வெள்ளம். கட்டைத்தடி சேற்றில் புதைந்து புதைந்து, மனுசன் கக்கூசுக்குப் போகவே கிறேஸின் தோள் வேண்டியிருந்தது. முத்தலிப்புக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. கிறேஸ் தமையன் வீட்டுக்குப் போய் அழுதாள். ஒரு முறை அல்ல, போனபோதெல்லாம் அழுதாள். உங்கள் பெடியன்தானே அந்தச் சப்பாத்தைக் கொடுத்தவன் என்று கடைசியில் கேட்டும்விட்டாள். பெரிய வெள்ளிக்கு முன் டிலக்ஷன் ஒரு பழப் பையோடு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"மாமா, வாசலிலை ஒரு வேலை இருக்கு. வாறவைக்கு வணக்கம் சொல்லி, செவ்விளநீர் குடுக்கிறது. இருந்துகொண்டு செய்யலாம்."

பஸ்தியாம்பிள்ளையின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்கச் சகிக்காது.

"ஒரு விசயம் மட்டும்" என்றான் டிலக்ஷன். "கால் என்னண்டு போனது எண்டு வாறவை கேப்பினம். சீனி எண்டு சொல்லக்கூடாது. கடலிலை புண் பழுத்தது எண்டு கதை போனால் ஒருத்தரும் இறங்காயினம். ஹோட்டலை மூடவேண்டியதுதான்."

"அப்ப என்னண்டு சொல்ல?"

"கண்ணிவெடி எண்டு சொல்லுங்கோ. அதுக்கு மேலை ஒருத்தரும் கேக்காயினம்."

பஸ்தியாம்பிள்ளை மிஞ்சியிருந்த காலைப் பார்த்தார். ஷெல் விழுந்த காலத்தில் காட்டுக்குள் ஓடி, முகாமில் கிடந்து, சுற்றிவளைப்பில் நெற்றியைத் தரையில் வைத்துப் படுத்து, ஒரு கீறல் படாமல் இரண்டு காலோடும் மீண்டு வந்த மனுசன். அதற்காக ஒவ்வொரு வருடமும் லூர்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர். அவருடைய வாயால் இதைச் சொல்லவேண்டுமாம். கிறேஸ் குசினியில் நின்றாள், இது அவள் காதில் விழவில்லை. அவர் குசினிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, ஓம் என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முதல் தடவைதான் கஷ்டம். தொடக்கத்தில் நாக்கு இடறியது. பிறகு விறகு வெட்டப் போனேன் என்று சேர்த்தார். பிறகு காணாமல் போன மாட்டைத் தேடிப் போனேன் என்று மாற்றினார். மாடு நன்றாக எடுபட்டது. கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அவர் தோளைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்தாள். அந்தப் படம் கைபேசி கைபேசியாகச் சுற்றி, கோயில் வாசலில் கிறேஸின் கண்ணில் பட்டது. கண்ணிவெடியில் கால் போனவர் என்று கீழே எழுதியிருந்ததைப் பக்கத்தில் நின்ற பெண் வாசித்துச் சொன்னாள்.

அன்று அவள் சோறு போடவில்லை.

"உண்மையா வெடியிலை கால் போனதுகள் எங்கடை பூசைக்கே வருகுதுகள். அதுகளின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"அதுகளுக்கு ஆரும் கதிரை போட்டு வேலை குடுத்தவையோ?" என்றார் அவர். "எனக்குக் குடுத்திருக்கினம். நீ வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு. இதுவும் போச்செண்டால் நீயும் நானும் கோயில் வாசலிலைதான்."

அப்படிப் பேசுகிற ஆளை அவள் கல்யாணம் கட்டவில்லை. எழும்பிப் போய்ச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

ஆடி பிறந்தது. கச்சான் போன வருடத்தைவிட மோசமாக அடித்தது. கடல் கரையோரத்தில் குளிக்க வார்த்த வெந்நீர்போல இருந்தது. ஒரு நாள் காலை வான் வந்து நின்றது. யோகலிங்கம் ஐயா தடியோடு இறங்கினார். இறங்கினவர் வாசலில் கதிரையையும், கதிரையில் இருந்தவரையும், மடித்துக் கட்டியிருந்த சாரத்தையும் பார்த்தார்.

"பஸ்தி, என்ன இது?"

பஸ்தியாம்பிள்ளை கதிரையில் இருந்து எழும்பப் பார்த்தார். போன ஆடியில் இந்த மனுசனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருக்கு இரண்டு காலும் இருந்தது. டிலக்ஷன் செவ்விளநீர்த் தட்டோடு ஓடிவந்தான். "நீங்கள் போன பிறகு நடந்தது ஐயா. மாமா காட்டுப் பக்கம் போனவர். பழைய வெடி ஒண்டு கிடந்திருக்கு."

யோகலிங்கம் ஐயாவின் தடி கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் பஸ்தியாம்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நெஞ்சு குலுங்க அழுதார்.

"நாங்கள் ஓடித் தப்பிட்டம். நீங்கள் இஞ்சை நிண்டு அதுக்கு இன்னும் விலை குடுத்துக்கொண்டிருக்கிறியள். என்னை மன்னியுங்கோ, பஸ்தி."

போன வருடம் 'நீர்' என்றவர் இப்போது 'நீங்கள்' என்றார். பஸ்தியாம்பிள்ளைக்கு அந்த மரியாதை கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை. "அழாதேங்கோ ஐயா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை யோகலிங்கம் ஐயா கடலுக்குப் போகிற வழியில் கதிரையடியில் நின்றார். முத்தலிப் துவாயோடு முன்னால் போய்க்கொண்டிருந்தான். டிலக்ஷன் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பூச்சாடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். ஐயா குனிந்து வலது சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். பெருவிரலின் அடியில் ஒரு புண். சின்னதுதான். விளிம்பு கறுக்கத் தொடங்கியிருந்தது.

"எனக்கும் சீனி இருக்கு, பஸ்தி. சப்பாத்துக் கடிச்சது, ஆறுதில்லை. தண்ணியே படக்கூடாது எண்டு சுவிஸ் டொக்டர் சொன்னவன். அவங்கள் கடலைக் கண்டவங்களோ?" அவர் நிமிர்ந்து நேராகப் பார்த்தார். "நீங்கள் இந்தக் கடலிலை பிறந்தனீங்கள். பொய் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. நீங்கள் சொல்லுங்கோ. இறங்கலாமோ?"

பூச்சாடிக்கு விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. டிலக்ஷன் திரும்பவில்லை. குழாயைப் பிடித்தபடி நின்றான்.

பஸ்தியாம்பிள்ளை அந்தப் புண்ணைப் பார்த்தார். அது இனி எந்த நிறத்துக்குப் போகும், எந்தக் கிழமை மணக்கும், டொக்டர் எந்த இடத்தில் கோடு கீறுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வேண்டாம் ஐயா என்று சொல்ல வாய் திறந்தது. கண்ணுக்கு முன்னால் கிறேஸ் வந்தாள், அடுத்த மாரி வந்தது.

"நோகுதோ ஐயா?" என்று கேட்டார்.

"நோவே இல்லை."

"அப்ப பயமில்லை. இறங்குங்கோ. உப்புத்தண்ணி நல்லது."

யோகலிங்கம் ஐயா அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பதுபோலத் தடவினார். மற்றச் சப்பாத்தையும் கழற்றி, காலுறைகளை உள்ளே செருகி, மணல் போகாமல் வைத்திருக்கச் சொல்லிச் சோடியாக அவர் மடியில் வைத்தார். பூச்சாடிக்குத் திரும்பவும் தண்ணீர் விழத் தொடங்கியது. முத்தலிப் ஐயாவின் இரண்டு கையையும் பிடித்து, பின்பக்கமாக நடந்து, சூடான கடலுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனான். பஸ்தியாம்பிள்ளை மடியில் இருந்த சப்பாத்துச் சோடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.